தம்பி வீட்டு ஒத்தப்படி

பஞ்சாயத்து எலெக்‌ஷனில் என் பெரியப்பாவைத் தோற்கடித்தது ஒரு பாட்டுதான் என்றும், அந்தப் பாட்டைத் தேடிக் கொடுத்த நான்தான் அவரைக் கவிழ்த்தேன் என்றும் பன்னிரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எதிர்த்து நின்ற உரக்கடைக்காரர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். தெருத்தெருவாகக் குனிந்து கும்பிட்டதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவரால் ஆகாததை ஆறாம் வகுப்புப் படித்த நான் ஒரு கேசட்டை வைத்து முடித்துவிட்டதாக எனக்கு எண்ணம். அடக்கமான பையன், இந்தச் சாதனையை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். பெரியப்பா என் அப்பாவுக்கு நேர் மூத்தவர். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘பிரசிடெண்ட்டு’. பெரியம்மாகூட, ‘பிரசிடெண்ட்டு சாப்ட வரலையாமா?’ என்றுதான் கேட்பார். காலையில் டவுன் பஸ் வந்தால் அவருக்காக நிற்கும். அவர் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் நிற்கும். வாய் கொப்பளித்து, வேட்டி மாற்றி, ரெண்டு பேரைத் திட்டிவிட்டு அவர் ஏறிய பிறகுதான் விசில். அதிகாரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த பஸ்தான் ஞாபகம் வரும்.

அவர் வீடு மேலத்தெரு, எங்கள் வீடு பின்தெரு. முன்பெல்லாம் தினம் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் ஒரு டம்ளர் நீராகாரம் குடித்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். எலெக்‌ஷனுக்கு முந்தின ஒரு வருஷமாக அவர் வரவில்லை. காரணம் எனக்கு ஓரளவு தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை ஒன்று காலியானது. அம்மா பத்தாவது பாஸ். அந்த வேலை ஒனக்குத்தாம்மா என்று பெரியப்பா எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். அம்மா சர்ட்டிபிகேட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டு, ரெண்டு புதுச் சேலையும் எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் வேலை கீழத்தெருப் பெரிய குடும்பத்து மருமகளுக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்தில் ஓட்டு அதிகம். அம்மா சர்ட்டிபிகேட்டை மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். கரையான் அரிக்காமல் இருக்க என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். பெற்ற தாய் அதே பள்ளிக்கூடத்தில் கரண்டியோடு நின்றால் ஒரு பையன் எப்படிச் சேட்டை பண்ணுவான்?

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். அந்த வயதிலேயே நான் ஊருக்கு உரையாசிரியர். எங்கள் தமிழய்யா பாடம் நடத்தும் முறை அப்படி. செய்யுளில் எதுவும் அதுவாக இருக்காது, எல்லாம் வேறொன்றைக் குறிக்கும் என்பார். தாமரை என்றால் முகம், மேகம் என்றால் கூந்தல், பறவை என்றால் உயிர். நான் அந்த வித்தையை டீக்கடை ரேடியோவில் வரும் பாட்டுகளுக்குப் பிரயோகித்தேன். ‘இதுக்கு என்னடா அர்த்தம்?’ என்று பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘இங்க ஓடம்னா ஓடம் இல்லங்க, வாழ்க்கை’ என்று ஆரம்பிப்பேன். ஒரு பாட்டுக்கு ஒரு உளுந்த வடை. நேர்ப்பொருள் சொல்லி நிறுத்தினால் அரை வடைதான். மறைபொருள் சொன்னால்தான் முழு வடை. அப்புறம் நான் ஏன் நேர்ப்பொருள் பக்கம் போகப்போகிறேன்?

எலெக்‌ஷன் வந்தது. பெரியப்பாவுக்குப் பூட்டு சாவிச் சின்னம், உரக்கடைக்காரருக்குக் கத்தரிக்காய். பிரச்சார ஆட்டோவில் போட ஒரு பாட்டு வேண்டும் என்று பெரியப்பா வீட்டு முன்னால் கூடிப் பேசினார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை வந்தபோது பெரியப்பா என்னைக் காட்டி, அவன் சொல்லட்டும், அவனுக்குத்தான் அர்த்தம் தெரியும் என்றார். எனக்கு நாலு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. மார்பில் கைகட்டி நின்று பாடிக் காட்டினேன்:

கைய நான் ஒசத்தினா காத்து நிக்கும்
காலெடுத்து நான் வச்சா ஊரு நிக்கும்

எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான். ஓடாத ஏதோ ஒரு படத்தில் வந்தது. படத்தின் பேர் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எது என்றாலும் மைக்செட் மாமா அதைப் போடுவார். ஊரே மாமா என்று கூப்பிட்ட மனிதர் அவர். மேளம் வைத்து ஆரம்பிக்கும், கேட்டால் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து நடப்பான். காத்து என்றால் எதிரி, ஊர் நிக்கும் என்றால் மக்கள் மரியாதை செய்கிறார்கள் என்று நான் விளக்கம் கொடுத்தேன். கை தட்டினார்கள். அன்றைக்கு ரெண்டு வடை.

இதில் ஒரு சங்கதி இருந்தது. மைக்செட் மாமா எந்தப் பாட்டையும் முழுசாக ஓட விடமாட்டார். அவருக்கு மைக்கில் பேசுகிற ஆசை. பல்லவி முடிந்ததும் படக்கென்று நிறுத்தி, ‘பந்தி போட்டாச்சு, உற்றார் உறவினர் எல்லாரும் வாங்க’ என்பார். பந்தி முடிந்தால் அடுத்த பாட்டு. இப்படியே வருஷக்கணக்காக எங்கள் ஊர் அந்தப் பாட்டின் பல்லவியைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வந்தது. அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. உரையாசிரியருக்கும் தெரியாது.

ஆட்டோக்காரருக்கு மைக்கில் பேசுகிற ஆசை இல்லை. கேசட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டினார். பாட்டு முதல் தடவையாக முழுசாக ஓடியது. நான் ஆட்டோ பின்னால் நோட்டீஸ் வீசிக்கொண்டே போனேன். மேலத்தெரு தாண்டும்போது மேளம் நின்றது. ஒரு புல்லாங்குழல் அழ ஆரம்பித்தது.

தேரோட்டம் முடிஞ்சிருச்சு, வடம் புடிக்க ஆளுமில்ல
தெருவோரம் நிக்கிறேனே, தேருன்னு சொல்ல யாருமில்ல

என் கையிலிருந்த நோட்டீஸ் அத்தனையும் ஒரே வீட்டு வாசலில் விழுந்தது. சரி, இது ஏதோ இடைச்செருகல், அடுத்த சரணத்தில் பாட்டில் பேசுகிற ராஜா திரும்ப எழுந்துவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆட்டோ எங்கள் பின்தெருவுக்குள் திரும்பியது. ராஜா எழுந்திருக்கவில்லை.

ஊருக்குள்ள நூறு படி ஏறி வந்த காலு
தம்பி வீட்டு ஒத்தப்படி ஏற நடுங்குதடா

உரக்கடைக்காரரின் ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள். அவர்களுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே. ஆட்டோக்காரரை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்து, ‘அண்ணே, எங்க செலவு, இன்னொருக்கா போடுங்க’ என்றார்கள். பாவம், அவரும் போட்டார். சொந்தச் செலவில் சங்கு ஊதிக்கொண்ட ஒரே வேட்பாளர் எங்க பிரசிடெண்ட்டுதான் என்று அன்று சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் பேச்சு பரவிவிட்டது.

இதோடு போயிருந்தால் அவமானத்தோடு முடிந்திருக்கும். மறுநாள் வகுப்பில் தமிழய்யா அறம் வைத்துப் பாடுவதைப் பற்றிச் சொன்னார். புலவன் பாட்டில் கெட்ட சொல்லை வைத்துப் பாடினால் பாடப்பட்டவன் அழிந்துபோவானாம். ராஜாவாக இருந்தாலும் தப்ப முடியாதாம். பாடியவன் மட்டும்தானா, பாடச் சொன்னவனுக்கும் அந்தப் பாவம் உண்டா என்று எழுந்து கேட்டேன். கேள்வி கேட்டதற்காக அவர் என்னைப் பாராட்டி, உண்டு என்றார்.

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நிஜக் காய்ச்சல். ஐயனாருக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். சேவல் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஐயனார் அதையெல்லாம் பார்க்கமாட்டார் என்று நம்பினேன். அது போதவில்லை. ஆட்டோக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கேசட்டைத் திருடிக்கொண்டு முந்திரிக்காட்டுக்கு ஓடி, உள்ளே இருந்த நாடா முழுவதையும் குடலை உருவுகிற மாதிரி உருவிப் போட்டேன். காற்றில் அது பறந்து பக்கத்துக் கடலைக் கொல்லை பூராவும் பின்னிக்கொண்டது. மறுநாள் கொல்லைக்காரர், எவனோ புண்ணியவான் நாடா கட்டியிருக்கான், விதைக்கடலையைப் பொறுக்க ஒரு காக்கா வரலை என்று டீக்கடையில் மெச்சிக்கொண்டிருந்தார். அதே நேரம் தூரத்தில் கைய நான் ஒசத்தினா என்று பாட்டு கேட்டது. மைக்செட் மாமாவிடம் இன்னொரு கேசட் இருந்திருக்கிறது.

ஆட்டோ எங்கள் தெருவுக்குத்தான் அடிக்கடி வந்தது. மற்ற தெருவில் ஒரு தடவை என்றால் எங்கள் தெருவில் மூன்று தடவை. நான் ஆட்டோக்காரரிடம் போய், அண்ணே, பாட்டை மாத்துங்க, இல்லாட்டி மைக்செட் மாமா மாதிரி பாதியிலயாவது நிறுத்துங்க என்று கெஞ்சினேன்.

“நான் மாத்திறலாம்னுதான் கேட்டேன் தம்பி,” என்றார். “ஓடட்டும்னுட்டாரு பிரசிடெண்ட்டு. அதுலயும் இந்தத் தெருவுல மட்டும் கடைசி வரைக்கும் ஓடணுமாம்.”

பெரியப்பாவுக்குத் தமிழ் போதாது, அதனால்தான் அர்த்தம் புரியாமல் விட்டுவிட்டார் என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. வீட்டில் இன்னொரு கூத்து. கடைசிச் சரணம் வரும்போது அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து நிற்பார். அப்பா வந்து பின்னால் நிற்பார். எங்களோடு இருந்த சித்தப்பா, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு தெரு திரும்பிப் போன பிறகு அப்பா மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அறம் பலிக்கப்போவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எங்கள் வீட்டுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை என்று நான் கணக்குப் போட்டேன். தெரிந்தால் அப்பா கையில் புளியமிளாறுதான்.

ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள் பிரச்சாரம் ஓய்ந்துவிட்டது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அம்மாவும் சித்தப்பாவும் வெளியே போயிருந்தார்கள், நான் வாசலில் உட்கார்ந்து கோலிக்குண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் பெரியப்பா வந்தார். கூட ஆள் இல்லை, துண்டு இல்லை, செருப்பும் இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து படிக்குக் கீழே நின்றார். எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு கருங்கல் படிதான். தினம் ரெண்டு தடவை அதில் இடறி விழுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து படியை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் படியைப் பார்த்தார். பிறகு, பரீட்சை கேட்கிற மாதிரி, “அந்தப் பாட்டுல கடைசியா வருதே, தம்பி வீட்டுப் படின்னு, அதுக்கு என்னடா அர்த்தம்?” என்றார்.

பயத்திலும் என் வித்தை கைவிடவில்லை. தொண்டையைச் செருமினேன். “தம்பின்னா தம்பி இல்ல பெரியப்பா, மக்கள். படின்னா ஓட்டுச்சாவடி. ராஜா மக்கள்கிட்ட போகப் பயப்படுறாரு.”

பெரியப்பா சிரித்தார். அவர் என்னைப் பார்த்து அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. “தம்பின்னா தம்பிதான்டா,” என்றார். அரை வடைப் பொருள் சொல்கிறாரே என்று நான் நினைத்தேன்.

“ஒங்கப்பன் இருக்கானா?”

“இல்லைங்க பெரியப்பா,” என்றேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவனுக்குப் பொய் ஒன்றோடு நிற்காது. “கட்டுமாவடிக்குப் போயிருக்காங்க. கருவாடு வாங்க.”

மாட்டுக் கொட்டகையிலிருந்து அப்பா இருமினார். அப்பாவுக்குப் பீடி இருமல். ரெண்டு சின்னதாக, ஒன்று நீளமாக. தெருவில் பச்சைப்பிள்ளைக்குக்கூட அடையாளம் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? பெரியப்பா கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்திருந்தார். அதை எடுத்துக் கீழே வைத்தார்.

“சரி,” என்றார். “வந்தா, நான் வந்தேன்னு சொல்லு.”

சொல்றேங்க பெரியப்பா என்றேன். அவர் தெருக்கோடி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தப்பித்த சந்தோஷத்தில் ஒரு கரணம் அடித்தேன். உள்ளே போனபோது வாசல்ல யாருடா என்று அப்பா கேட்டார். பால்காரர் என்றேன்.

பெரியப்பா தோற்றுப்போனார். கந்தர்வக்கோட்டையில் ஓட்டு எண்ணி முடித்து, இன்னொரு தடவையும் எண்ணி, ஐந்து ஓட்டில் தோற்றார் என்று சொன்னார்கள். உரக்கடைக்காரரை வேனில் கூட்டிவந்தார்கள். பெரியப்பா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இறங்கி முடிக்கும் முன்பே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், அவர் ரெண்டடி தடுமாறி நின்றார். அறம் பலித்துவிட்டது என்று நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. ஐயனாருக்குச் சேவலும் கொடுக்கவில்லை, வேலை செய்யாத சாமிக்கு எதற்கு என்று.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் விசேஷ வீடுகளில் எதிரெதிரே வந்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். பெரியப்பா அப்பாவைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும், கருவாடு வாங்கியாச்சாடா என்று கேட்பார். எனக்கு வேர்க்கும், சிரித்துவைப்பேன்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அவர் இறந்தார். காரியத்துக்கு மறுநாள் வீட்டில் எல்லோரும் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு என்று அதற்குள் பேர் எடுத்திருந்தேன். பாட்டுக் கதையை எடுத்துவிட்டேன். வடை, காய்ச்சல், பக்கத்து வீட்டுச் சேவல், கடலைக் கொல்லையில் பறந்த நாடா, எல்லாம். பெரியப்பா வந்ததை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பகுதி எனக்கு முக்கியமாகவே தோன்றியதில்லை. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த பலாப்பாலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மாவும் சிரித்தார்.

“அடப்பாவி, பாட்டாலயா தோத்தாரு?” என்றார். “அந்தப் பாட்டக் கேட்டுத்தான்டா ஒங்கப்பாவுக்கு மனசே எளகுச்சு. அண்ணன் என்கிட்டதான் சொல்லுதுன்னு புரிஞ்சிருச்சு அவருக்கு. வாசல்ல வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், நம்ம வீட்டு ஓட்டு பூட்டு சாவிக்குத்தான்னாரு. எனக்கும் அம்புட்டுத்தான், ஒரு வார்த்த. ரெண்டு நாளு பாத்தோம்.”

எண்ணெய்ப் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். “வரலையே. அதான் கத்தரிக்காய்க்குப் போட்டோம்.”

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது, ரெண்டு சின்னதாக, ஒன்று நீளமாக. நான் வாயில் பலாச்சுளையை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தேன். அம்மா, என்னடா சிக்கிருச்சா, தண்ணி வேணுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கதையைச் சொன்னால் வடையிலிருந்து சேவல் வரைக்கும்தான் சொல்வேன். மைக்செட் மாமா மாதிரி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வாங்க சாப்பிடலாம் என்பேன். மிச்சத்தை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

பெரியப்பா ஐந்து ஓட்டில் தோற்றார். மூன்று பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு. அப்பா, அம்மா, சித்தப்பா. அவர் வந்தார். ஒரு கால் படிமேல் இருந்தது. அப்பா வீட்டில்தான் இருந்தார்.